அம்மா, வெட்கப்படுங்க!

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். அந்த முந்தானையைக் கொஞ்சம் முகத்திலிருந்து எடுத்துவிடுங்களேன். கரித்தூள் கண்ணில் விழத்தான் செய்யும். தாம்பரம் தாண்டினால் இந்த ரயில் எஞ்சினோடு அதுதான் ரோதனை. ஆனால் நீங்கள் முகத்தை மூடினால் இவள் அழுவாள். பாருங்கள், உதடு பிதுங்கிவிட்டது. எடுத்துவிட்டீர்களா? இப்போது பாருங்கள், சிரிக்கிறாள். அவ்வளவுதான் அக்கா, வேறு ஒரு தொல்லையும் கிடையாது இவளிடம். பொம்பளை முகத்தை மூடக் கூடாது. ஆம்பளை மூடினால் பரவாயில்லை. இவள் அப்பா மரத்தூளுக்குப் பயந்து மூக்குவரை துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார், சட்டையே செய்ய மாட்டாள்.

ஜன்னல் ஓரம் நான் வருகிறேனே. கரி என் மேல் விழட்டும். ஐயோ, அந்தப் பையை நகர்த்தாதீர்கள். நானே எடுத்துக்கொள்கிறேன். உள்ளே கப்பு இருக்கிறது. பந்து விளையாடி ஜெயித்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களே, இரண்டு பக்கமும் காது வைத்து, அந்த மாதிரி. இவளுக்குக் கொடுத்தது. ஆமாம், இந்தக் குழந்தைக்குத்தான். சினிமாவில் நடித்ததற்கு.

சிரிக்கிறீர்களே. பரவாயில்லை, எல்லாரும் முதலில் அப்படித்தான் சிரிப்பார்கள். நான் யாரிடமும் வாய் திறந்து பேசாதவள், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் எனக்குச் சொல்ல வராது, அதனால் எவரும் நம்புவதில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்கவில்லையா? கேட்ட மாதிரி இருந்தது.

இவள் அப்பாவுக்கு வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் தச்சு வேலை. அரண்மனை கட்டுவார், கோபுரம் கட்டுவார், அடுத்த வாரமே அதைப் பிரித்தும் போடுவார். நாங்கள் குடியிருப்பது என்னவோ ஒற்றை அறை. மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோவேன். இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசல் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே போனதே இல்லை. உள்ளே முழுக்க ஆம்பளைகள்.

அன்றைக்குக் காவல்காரர் இல்லை. சாப்பாடு ஆறுகிறதே என்று கொஞ்சம் உள்ளே போனேன். கோயில் படிக்கட்டு ஒன்று நின்றது. கருங்கல் மாதிரியே இருந்தது, தொட்டுப் பார்த்தால் பலகை. இவர் போட்ட படியா இது என்று நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அங்கே ஒரே ரகளை.

என்ன விஷயம் என்றால், படத்தில் ஒரு ஜமீன் வாரிசு. கைக்குழந்தையைத் தாய்க்காரி கோயில் படியில் போட்டுவிட்டுப் போகிறாள். குழந்தை அழ வேண்டும். அவள் திரும்பிப் பார்க்க வேண்டும். அதுதான் படத்துக்கே உயிர். படத்தின் பெயர் வேண்டாம் அக்கா, சொன்னால் நீங்களும் பார்த்திருப்பீர்கள், இப்போதே அழ ஆரம்பித்துவிடுவீர்கள்.

குழந்தையாக நடிக்க முதலாளியின் தங்கை பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார்கள். சுகுமார் என்று பெயர். பிள்ளையென்றால் பிள்ளை, வெண்ணெய் உருண்டை. ஒரே ஒரு குறை, அழ மாட்டான். கிலுகிலுப்பையைப் பிடுங்கினார்கள், சிரித்தான். நாக்கில் புளியைத் தடவினார்கள், சப்புக்கொட்டிவிட்டு இன்னும் கேட்டான். காமெடி நடிகர் ஒருவர் பூதம் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு பக்கத்தில் போனார், அவர் ஒட்டுமீசையைப் பிய்த்து வைத்துக்கொண்டான். அவன் அம்மா வத்சலா அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எம்புள்ள அழவே மாட்டான் சார், அவன் ஜாதகம் அப்படி" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு மரப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாகலிங்கம் என்று ஒரு புரொடக்ஷன் மானேஜர். அவர் கண்ணில் நான் பட்டேன். ஓடி வந்தார்.

"ஏம்மா, ஒங்க கொழந்த அழுவுமா?"

பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

"யாரு வீடும்மா நீ? வீட்டுக்காரர் பேரு என்னா?"

கேட்டாரே பாருங்கள். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில், இவள் அப்பா பெயரைச் சொல்லு என்கிறார்! எப்படி அக்கா சொல்வது? நீங்கள் சொல்வீர்களா? நான் பட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இவள் அழுதாள் பாருங்கள் ஒரு அழுகை! அதுவரை இவள் இப்படி அழுவாள் என்று எனக்கே தெரியாது. வீட்டில் நான் யாருக்கு வெட்கப்படப் போகிறேன், முகத்தை மூடுவதற்கு? படியில் உட்கார்ந்திருந்த டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். விளக்குப் பிடிக்கிறவர்கள் பரண்மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் பயந்துபோய் முந்தானையை எடுத்தேன். இவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மறுபடி மூடும்மா," என்றார் டைரக்டர்.

"எதுக்குங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வீட்டுக்காரர் பேரு என்ன?" என்றார்.

மூடினேன். அழுதாள்.

"நாகலிங்கம்! இந்தக் குழந்தைதான்யா!" என்று கத்தினார்.

அதற்குள் இவள் அப்பாவை யாரோ உளியும் கையுமாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். டைரக்டரே கேட்கும்போது அவர் என்ன சொல்ல முடியும், தலையை ஆட்டினார். இவள் கை வளையலைக் கழற்றினார்கள். பெண் குழந்தை என்று இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரசிலையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்கள். இருக்கிற நாலு முடியைத் தூக்கிக் குடுமி போட்டுவிட்டார்கள். ஜமீன் வாரிசு ஆண் பிள்ளையாம். எனக்கு மனசு என்னவோ செய்தது. பெண்ணாய்ப் பிறந்ததை ஆணாக்கிவிட்டார்களே என்று. ஆனால் குடுமி இவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

என்னைக் காமிராவுக்குப் பக்கத்தில், இவள் கண்ணில் படுகிற மாதிரி நிற்கவைத்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. சும்மா நின்றேன். டைரக்டர் கத்துவார்: "ஸ்டார்ட் சவுண்ட்! காமிரா! அம்மா, வெட்கப்படுங்க!" உடனே உதவி டைரக்டர் ஒரு பிள்ளையாண்டான் என் காதோரம் வந்து, "வீட்டுக்காரர் பேரு?" என்பான். நான் மூடுவேன். இவள் அழுவாள். வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு, "கட்! அம்மா, போதும்" என்பார்கள். நான் திறப்பேன். இவள் சிரிப்பாள்.

இப்படி அன்றைக்குப் பொழுது முழுக்க எடுத்தார்கள். தூரத்தில் வைத்து ஒரு தடவை, கிட்டத்தில் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை. சாயங்காலம் ஆக ஆக எனக்கு அந்தப் பையனிடம் வெட்கம் விட்டுப்போயிற்று. தம்பி மாதிரி ஆகிவிட்டான். "பேரு?" என்கிறான், எனக்குக் கொட்டாவி வருகிறது. டைரக்டர் யோசித்தார். கதாநாயகரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்! பட்டு அங்கியும் போட்டு, பவுடரும் பூசிக்கொண்டு வந்து, கையைக் கூப்பி, "வணக்கம்மா, ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்கிறார். நான் முகத்தை மட்டுமா மூடினேன்? தலையோடு காலாக மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். இவள் அழுத அழுகையில் சவுண்டு எடுக்கிறவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்தார். அந்த அழுகைதான் படத்தில் இருக்கிறது.

எத்தனை கெட்டிக்காரி பார்த்தீர்களா என் பெண்? ஒரு வசனம் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக நடித்தாள்.

செங்கல்பட்டு வருகிறதா? வண்டி நிற்கும். இங்கே முறுக்கு நன்றாக இருக்கும் என்பார்கள். எனக்கு வேண்டாம் அக்கா... சரி, இவளுக்காக ஒன்று.

படம் வெளிவந்தது. ஊரே அழுதது. டூரிங் கொட்டகையில் மணல்மேல் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்திச் சிந்தி என் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள். மடியில் இவள் தூங்குகிறாள். "இதுதான் அந்தக் கொழந்த" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நான்தான் பேச மாட்டேனே. சொல்லவில்லை.

ஆனால் படம் ஆரம்பிக்கும்போது பெயர்கள் போடுவார்களே, அதில் இவள் பெயர் இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அது ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு "மாஸ்" என்பதற்குள் போய்விட்டது. சரி, நான் வாசிக்காத இடத்தில் இருந்திருக்கும் என்று மறுபடி போனேன். அப்புறம் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு மூலை என்று வாசித்து முடித்தேன். "மாஸ்டர் சுகுமார்" என்றுதான் இருந்தது. சிரிக்கிற இடங்களில் எல்லாம் அந்தப் பிள்ளை, அழுகிற இடத்தில் மட்டும் இவள். பெயர் அவனுக்கு. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை அக்கா. இவள் அப்பாதான் கோபப்பட்டார். "சினிமாவுல ஒருத்தர் பாடுறாரு, இன்னொருத்தர் வாயசைக்கிறாரு. அதுமாதிரி நெனச்சிக்க" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். பாடினவர் பெயரையாவது பின்னணி என்று போடுகிறார்களே என்று நான் கேட்கவில்லை. மனசுக்குள் நினைத்துக்கொண்டதோடு சரி.

வம்பு எங்கே வந்தது தெரியுமா? எங்கள் ஊரில். அச்சிறுபாக்கம். மாசி மாதம் போயிருந்தபோது அண்ணியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அண்ணி தெருவையே கூட்டிவிட்டாள்.

"கேட்டியாடி கோவிந்தம்மா, நம்ம கொட்டாயில ஓடுதே அந்தப் படத்துல இவ பொண்ணு நடிச்சிருக்காம்! அது ஆம்பளப் புள்ளடி. குடுமி வெச்சிருக்கு. பேரு மாஸ்டர்னு போட்டிருக்கு. பட்டணம் போனா பொய்யும் கூடவே வந்துடும் போலருக்கு!"

அவ்வளவுதான். குளத்துக்குப் போனால், "மாஸ்டரம்மா வராங்க, வழி விடுங்கடி" என்பார்கள். என் அண்ணன்கூட, "எதுக்கும்மா இதெல்லாம்" என்றான். சின்ன வயசிலிருந்து ஒரு பொய் சொன்னதில்லை அக்கா நான். பேசினால்தானே பொய் சொல்ல? அந்த ஊரில் எனக்குப் பொய்க்காரி என்று பெயர் ஆகிவிட்டது.

அப்போதுதான் இந்தப் பரிசு விவகாரம். புரசைவாக்கத்தில் கலைப்பிரியர் சபை என்று ஒன்று. வருஷா வருஷம் நல்ல படம், நல்ல நடிகர், நல்ல பாட்டு என்று பார்த்துக் கப்புக் கொடுப்பார்கள். முதலில் தேர்தலுக்கு ஆள் நிறுத்துவது மாதிரி மூன்று மூன்று பேராக நிறுத்தி, பேப்பரில் போட்டு, பிறகு சபைக்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள். குழந்தை நட்சத்திரத்துக்கு நின்றவர்களில் ஒருத்தி பாட்டுப் பாடி ஆடுகிற பெண். இன்னொருவன் பக்கம் பக்கமாக வசனம் பேசுகிற பையன். மூன்றாவது மாஸ்டர் சுகுமார். பல் முளைக்காத பிள்ளையைப் போய் நிறுத்துவார்களா என்று ஊரெல்லாம் சிரிப்பு. சபைத் தலைவர் ஒரு பழைய ஜட்ஜ். தூக்குத் தண்டனை எழுதும்போதுகூடக் கண் கலங்காதவராம். அந்தக் கோயில் படி அழுகையைக் கேட்டுவிட்டு வேட்டி நனைய அழுதிருக்கிறார். "வசனம் யார் வேணாப் பேசலாம்யா, அந்தக் கொழந்த மாதிரி ஒருத்தன் அழட்டும் பார்க்கலாம்" என்று அடம்பிடித்தாராம். ஓட்டும் விழுந்துவிட்டது.

எங்கள் தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டு லோகம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, தொண்டத் தண்ணி ஒம்பொண்ணோடது, கப்பு ஊரான் புள்ளைக்கா? வாயிருக்கா ஒனக்கு? போய்க் கேளுடி!"

"போனாப் போவுதுக்கா" என்றேன். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது, நான் பார்க்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் நாகலிங்கம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

"ஒரு சின்ன ஒதவிம்மா. ஜட்ஜய்யா அந்த அழுகைய மேடையில ஒரு தடவ நேர்ல கேக்கணுங்கிறாரு. நம்ம சுகுமாரப் பத்தித்தான் ஒனக்குத் தெரியுமே. நீ கொழந்தையத் தூக்கிட்டு வந்து மேடைக்குப் பின்னால, படுதாவுக்கு உள்ள ஒக்காந்துக்க. நான் கைகாட்டுனதும் கொஞ்சம் வெக்கப்படு. அவ்ளோதான்."

"பின்னணி அழுகையா?" என்றார் இவள் அப்பா. இவர் கேலியாகத்தான் சொன்னார். நாகலிங்கத்துக்கு அது புரியவில்லை. "அதேதான் ஆசாரி!" என்றார்.

"இவ வரமாட்டா," என்றார் இவள் அப்பா.

"வரேன்," என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். கப்பு எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை, அதற்காகவும்தான். வேறு எதற்கும் இல்லை. இவளுக்கு ஜரிகை வைத்த பாவாடை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, பொட்டும் மையுமாகப் பெண் குழந்தையாகவே கொண்டுபோனேன். படுதாவுக்குப் பின்னால் உட்காருகிறவளுக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று லோகம்மா கேட்டாள். எதற்கு என்றால், எனக்கு என்ன தெரியும்?

பாலாறு பாருங்கள் அக்கா. எவ்வளவு மணல்! கொஞ்சம் இருங்கள், பாலத்துமேல் போகும்போது நான் பேசினால் கேட்காது.

ம், சொல்கிறேன். கொட்டகை நிறைய ஜனம். படுதாவில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மேஜைமேல் வரிசையாகக் கப்புகள், விளக்கு வெளிச்சத்தில் மினுமினு என்று. நடுவில் மூடி போட்டு, மூடிமேல் குமிழ் வைத்து, ஒன்று. இதுதான்.

"மாஸ்டர் சுகுமார்!" என்று கூப்பிட்டார்கள். வத்சலா அம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள். ஜட்ஜ் கப்பை நீட்டினார். அவன் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். "எங்கே, அந்த அழுகையை ஒரு தடவை கேட்போம்" என்றார் ஜட்ஜ்.

நாகலிங்கம் என் பக்கம் குனிந்தார். "அம்மா, வெட்கப்படுங்க!"

நான் அவரைப் பார்த்தேன்.

"வீட்டுக்காரர் பேரு என்னா? பேரும்மா, பேரு!"

எனக்கு வெட்கமே வரவில்லை அக்கா. தேடித் தேடிப் பார்க்கிறேன், எங்கே போயிற்றோ தெரியவில்லை. வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் என் மடியில் உட்கார்ந்துகொண்டு கனகாம்பரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

மேடையில் சுகுமார் சிரிக்கிறான். ஜனம் சிரிக்கிறது. ஒருவன், "அது அழுவுற கொழந்த இல்ல சார், சிரிக்கிற கொழந்த!" என்று கத்தினான். ஜட்ஜுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"குழந்தை அழாவிட்டால் போகட்டும். நான் இன்றைக்கு நினைப்பது அதன் தாயை. அத்தனை விளக்குகளுக்கும் காமிராவுக்கும் நடுவில் தன் குழந்தை அழுவதை ஒரு தாய் நின்று பார்த்திருக்கிறாளே, அவள் மனசு எப்படி இருந்திருக்கும்! இந்தக் கப்பில் பாதி அவளுக்குச் சொந்தம். அந்தத் தாய்க்கு நான் வணக்கம் சொல்கிறேன்" என்று கையை எடுத்துக் கும்பிட்டார்.

வத்சலா அம்மாளைப் பார்த்துத்தான் கும்பிட்டார். ஆனால் அவர் சொன்னது... எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! கால் கட்டை விரலிலிருந்து ஏறி வந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை. முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன்.

இவள் குரல் எடுத்தாள் பாருங்கள்! மைக்கு படுதாவுக்கு அந்தப் பக்கம் ஒரு முழத்தில் இருந்தது. கொட்டகை அதிர்ந்தது. எல்லாருக்கும் தெரிந்த அழுகை. எல்லாரும் காசு கொடுத்துக் கேட்ட அழுகை. பெண்கள் பக்கம் "ஐயோ, அதேதான்!" என்று ஒரே கேவல். மேடையில் சுகுமார் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு இன்னும் கெக்கெக்கே என்று சிரிக்கிறான். அழுகை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்! ஜட்ஜ் எழுந்தார். நேராக வந்து படுதாவை விலக்கினார்.

என்னைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். நாகலிங்கத்தைத் தேடினார், ஆளைக் காணோம். ஜட்ஜுக்கு வழக்கம் போகவில்லை போலிருக்கிறது, அங்கேயே விசாரணை ஆரம்பித்துவிட்டார்.

"இது யாருடைய குழந்தை?"

நான் முந்தானையை எடுத்தேன். இவள் நிறுத்தினாள். இவளை மார்போடு சேர்த்துக்கொண்டேன்.

"பயப்படாமல் சொல்லம்மா. கோயில் படியில் அழுதது இந்தக் குழந்தைதானா?"

தலையை ஆட்டினேன்.

"தகப்பனார் பெயர் என்ன?"

மறுபடி அதே கேள்வி! அதுவும் மைக்கில்! நான் மூடினேன். இவள் அழுதாள்.

"போதும், போதும்," என்று ஜட்ஜ் கையைக் காட்டினார். "இதைவிடச் சாட்சி வேண்டாம்."

வத்சலா அம்மாள் கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நான்தான் அப்பவே சொன்னேனே சார், எம்புள்ள அழவே மாட்டான்னு! யாரு கேட்டா?" நல்ல மனுஷி அக்கா அவள். அவளே பிள்ளை கையிலிருந்து கப்பை வாங்கி என்னிடம் கொடுக்கப் போனாள். பிடுங்கினாளோ இல்லையோ, சுகுமார் வாயைப் பிளந்தான். அழுதான்! பிறந்ததிலிருந்து அழாத பிள்ளை, கை காலை உதறிக்கொண்டு அப்படி அழுகிறான். "ஐயையோ, எம்புள்ள அழுவுறானே!" என்று வத்சலா அம்மாளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன், "அடுத்த வருஷக் கப்பு அவனுக்குத்தான் சார், எழுதிக்குங்க!" என்று கத்தினான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கப்பின் மூடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். குமிழை வாயில் வைத்துக்கொண்டு அடங்கினான். அதனால்தான் அக்கா, இதற்கு மூடி இல்லை. இதோ பாருங்கள், பார்த்துவிட்டுக் கொடுங்கள். இவள் இதில்தான் இப்போது பொரி தின்கிறாள்.

அப்புறம் என்னைக் கப்போடு மேடை நடுவில் நிற்கச் சொன்னார்கள், போட்டோ பிடிக்க. அத்தனை ஜனம் என்னையே பார்க்கிறது. கை முந்தானைக்குப் போகிறது. இவள் என் முகத்தையே பார்க்கிறாள், உதட்டைப் பிதுக்கத் தயாராக. மூடினால் பிள்ளை அழுத மூஞ்சியோடு பேப்பரில் வருவாள். என்ன செய்வேன்? கையைக் கீழே போட்டேன். திறந்த முகத்தோடு நின்றேன். கூட்டத்தைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தேன். இவள் என்னைப் பார்த்தாள். பேப்பரில் அப்படித்தான் வந்திருக்கிறது. லோகம்மா, "ஒனக்கு இப்டி ஒரு மூஞ்சி இருக்கிறதே இன்னிக்கித்தாண்டி தெரியுது" என்றாள்.

கப்பில் என்ன எழுதியிருக்கிறது என்றா பார்க்கிறீர்கள்? அது முன்னாலேயே வெட்டிவிட்டார்கள், "மாஸ்டர் சுகுமார்" என்று. அது இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே பாருங்கள், புள்ளி புள்ளியாக. பாத்திரக் கடையில் குடத்துக்கும் சொம்புக்கும் பெயர் வெட்டுவாரே, அவரிடம் கொடுத்தேன். "தமயந்தின்னு வெட்டுங்க" என்றேன். "இனிஷியல் என்னம்மா?" என்றார். பார்த்தீர்களா வம்பை? இவள் வேறு கையில். மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "திருத்தணியில முருகன் நிக்கிற மலை இருக்குதுங்களே, அந்தப் பேருல மொத எழுத்து" என்றேன். "தணிகாசலமா? அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன!" என்று சிரித்துக்கொண்டே வெட்டிக்கொடுத்தார். "த. தமயந்தி." ஒவ்வொரு எழுத்தாக நான் கூடவே வாசித்தேன். இது ஓடாமல் நின்றது, நன்றாக வாசிக்க முடிந்தது.

இதைக் காட்டத்தான் போகிறேன், அண்ணியிடம். என்ன சொல்கிறீர்கள்? காசு கொடுத்தால் யார் பெயரை வேண்டுமானாலும் வெட்டுவார்கள், அண்ணி நம்ப வேண்டுமே என்கிறீர்களா? அடடா, எனக்கு அது தோன்றவே இல்லையே. பேப்பரையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், இவள் அப்பா அதற்குச் சட்டம் அடித்து மாட்டிவிட்டார்.

சரி, நம்பாவிட்டால் போகிறாள். தெருவே கூடித்தானே நிற்கும்? கூடட்டும். எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். நடுவில் நின்று, "அண்ணி, என் வீட்டுக்காரர் பேரு என்னான்னு கேளுங்க" என்பேன். கேட்பாள். அவள் வாய் சும்மா இருக்காது. அப்புறம் இருக்கிறது அவர்களுக்கு.

மதுராந்தகம் தாண்டிவிட்டதா? ஏரி போய்விட்டதே, நான் பார்க்கவேயில்லை. அடுத்தது எங்கள் ஊர்தான். தூக்குங்கள் அந்தப் பையை, இல்லை, நானே... சரி, பிடியுங்கள். நாங்கள் இறங்கினதும் நீங்கள் தாராளமாக முகத்தை மூடிக்கொள்ளலாம் அக்கா. இவ்வளவு நேரம் எங்களுக்காகக் கண்ணில் கரியை வாங்கிக்கொண்டீர்களே.

என்ன? என் பெயரா?

என் பெயர் எதற்கு அக்கா, நானா நடித்தேன்? டைரக்டர் கேட்டார், கதாநாயகர் கேட்டார், ஜட்ஜ் கேட்டார், பெயர் வெட்டுகிறவர் கேட்டார். எல்லாரும் அவர் பெயரைத்தான் கேட்டார்கள். என் பெயரை நீங்கள்தான்... ஐயோ, கை போகிறது பாருங்கள் முந்தானைக்கு. இவள் பார்க்கிறாள். இல்லடி கண்ணு, மூடல, மூடல.

பூங்காவனம் அக்கா. என் பெயர் பூங்காவனம்.